கல்லு மாதிரி காத்து

வாடகை சைக்கிள் காலத்தில் டயரைச் சோதிக்க எங்கள் பக்கம் இருந்த ஒரே கருவி கட்டைவிரல். அமுக்கிப் பார்த்து விரல் இறங்கவில்லை என்றால், "கல்லு மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிடுவார். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை, ஆர்.எஸ். மாத்தூர், ஆலத்தியூர் வட்டாரத்தில் சைக்கிள் மிதித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாருக்கும் இந்தச் சொல் மறந்திருக்காது. காற்று குறைந்தால் மிதி கனக்கும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும், டியூபில் பக்கத்துக்கு ஒன்றாக ஜோடி ஓட்டை விழும். ஆகவே எவ்வளவு ஏறுமோ அவ்வளவு அடி என்பதே பாடம். அந்த வண்டிக்கு அந்தப் பாடம் பொருந்தவும் செய்தது. ஹெர்குலிஸோ அட்லஸோ, டயரின் விலாவில் 28க்கு ஒன்றரை என்று பொறித்திருக்கும். ஒன்றரை இஞ்ச் என்பது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். அத்தனை அகலமான டயரைக் கைப்பம்பு வைத்து நிஜமான கல்லாக்க யாராலும் முடியாது, பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். விரலுக்குத்தான் அது கல், சாலைக்கு மெத்தை. பிறகு ரோடு பைக் வந்தது. 23 மில்லிமீட்டர் டயர், வளைந்த ஹேண்டில், கத்தி மாதிரி சீட், மீட்டர் வைத்த பம்பு. விரல் சொல்லிக்கொடுத்த அதே பாடத்தை மீட்டர் முள்ளில் 120 பிஎஸ்ஐ அழுத்தம் என்று மாற்றி எழுதிக்கொண்டோம். ரோடு பைக்கில் நூறு கிலோமீட்டர் தாண்டுகிறவர்கள் சொல்லும் கைமரப்பு, கழுத்துப் பிடிப்பு, உட்காருமிடத்து ரணம் எல்லாவற்றிலும் வண்டியின் குற்றம் கொஞ்சம்தான், அதன்மேல் நாம் ஏற்றிய பழைய பாடங்களின் குற்றமே அதிகம் என்பது என் கட்சி.

ஆலத்தியூரை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. ரோடு பைக் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை வழவழப்பான தாருக்காக, குளிர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. இந்தப் பக்கத்துச் சாலை வேறு ஜாதி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் ஆலத்தியூரில் ராம்கோ ஆலை 1997இல் ஓடத் தொடங்கியது. அப்போது மாவட்டமே பெரம்பலூர். திருச்சியிலிருந்து பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரியலூர் நிலையாகத் தனி மாவட்டம் ஆனது 2007 நவம்பரில். தளவாய், ரெட்டிப்பாளையம், தாமரைக்குளம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். எனவே இங்கே சாலை என்பது முதலில் பாரவண்டிக்கு, மற்றவர்களுக்கு அப்புறம். வேகத்தடைக்கு முன்னும் வளைவுக்கு முன்னும் லாரிகள் பிரேக் பிடிக்கிற இடத்தில், வெயிலில் இளகிய தார் அலை அலையாகச் சுருண்டு, இரவில் அப்படியே இறுகிப்போகும். காரில் போகிறவருக்கு அது ஒரு முனகல். சைக்கிள்காரருக்கு மணிக்கட்டில் விழும் முப்பது அடி. தை, மாசியில் மக்காச்சோளம் சாலையில் பாதியை எடுத்துக்கொள்ளும். உதிர்த்த ஒற்றை மணி 23 மில்லிமீட்டர் டயருக்கடியில் சிக்கினால் ஹேண்டிலில் டக்கென்று தெரியும். 40 மில்லிமீட்டர் டயர் அதை விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மீதிப் பாதியில் சீமைக்கருவேல முள். வசதி என்ற பேச்சை இந்த மண்ணில் சோதித்துத் தேறினால் வேறெங்கும் தேறும்.

சைக்கிளில் உடம்பின் எடை மூன்று இடத்தில் இறங்குகிறது: மிதி, சீட், ஹேண்டில். வசதி என்பது இந்த மூன்றுக்கும் நடுவே செய்யும் பங்கீடு. பந்தயக்காரர் குனிந்து, முதுகை ஏறக்குறைய தரைக்கு இணையாக வைத்து ஐந்து மணி நேரம் ஓட்டுகிறாரே, அவருக்கு மட்டும் கை மரக்காதா என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அவர் 200 வாட்டுக்கு மேல் மிதித்துக்கொண்டே இருக்கிறார். மிதியை எவ்வளவு பலமாகக் கீழே தள்ளுகிறாரோ அவ்வளவு பலமாக மிதி அவர் உடம்பை மேலே தூக்குகிறது. அவர் பாதி நின்றுகொண்டிருக்கிறார் என்றே சொல்லலாம். சீட்டிலும் கையிலும் இறங்குவது மிச்ச எடைதான். நாம் சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 120 வாட் மிதிப்போம். அதே குனிவில் நம்மை வைத்தால், மிதி தாங்காத எடையெல்லாம் சீட்டுக்கும் உள்ளங்கைக்கும் வந்துசேரும். பந்தய வண்டியின் அமைப்பு ஒரு குறிப்பிட்ட உழைப்புக்கு வெட்டித் தைத்த சட்டை; உழைப்பு குறைந்தால் சட்டை பிடிக்கும். இதில் நம் வெயிலுக்கும் பங்குண்டு. காலை ஆறு மணிக்கு ஹேண்டிலை லேசாகத் தொட்டுக்கொண்டு போன ஆள் பதினோரு மணிக்கு அதன்மேல் படுத்துக்கொண்டு வருவார். வண்டி மாறவில்லை. சூட்டில் இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் காலுக்குப் போகும் பங்கு குறைந்து, மிதி இளைத்துவிட்டது. மிதி விட்ட எடையைக் கை வாங்கிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கை மரத்தால் கையுறையை மாற்றுவதற்கு முன் தண்ணீரும் உப்பும் உள்ளே போயிற்றா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்; வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட மோர் இந்த இடத்தில் இளநீரை ஜெயித்துவிடும்.

"வலி பழகிடும்" என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் ஊரில் செல்லுபடியாகும் வாதம். பாதி உண்மையும் அதில் இருக்கிறது. தசை பழகும். கழுத்தின் பின்தசையும் இடுப்பும் ஆறு வாரத்தில் தேறிவரும். உட்காரும் எலும்பின் மேலுள்ள தோலும் ஓரளவு ஒத்துக்கொள்ளும். நரம்பு பழகாது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போவது ஒரு தனி நரம்பின் புகார். முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே நரம்புதான் உள்ளங்கையின் அடியோரம் வழியாக வருகிறது. அந்த இடத்தில் ஹேண்டில் மணிக்கணக்கில் அழுத்தினால், இறங்கிய பிறகும் சட்டைப் பொத்தான் போட விரல் சொன்னபடி கேட்காது. நாள்பட விட்டால் பிடிபலம் குறையும். கவட்டையில் மரத்துப்போவதும் இந்த வகைதான். அதை வெட்கப்பட்டு வெளியே சொல்லாதவர்களே அதிகம். தசைவலிக்கு விதித்த பொறுமையை நரம்புக்கும் விதிப்பது வீரம் ஆகாது. அது அளவு எடுக்கச் சோம்பல்பட்டதற்கு உடம்பு கட்டும் அபராதம்.

அடுத்த வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஹேண்டிலை உயர்த்தினால் காற்று பிடிக்கும், வேகம் போகும், அப்புறம் ரோடு பைக் எதற்கு? இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 25 கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கவே செலவாகிறது. ஆடி மாதத்தில் செந்துறையிலிருந்து மேற்கே பெரம்பலூரைப் பார்த்து மிதித்தவர்களுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. மரமில்லாத பொட்டலில் எதிரே ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் கீழ் வளைவைப் பிடித்துக் குனிய முடிவது ரோடு பைக் தரும் வரம், எந்த நிமிர்ந்த சைக்கிளும் அதைத் தராது. ஆனால் குனிய முடிந்தவருக்குத்தான் அந்த வரம். ஹேண்டில் எட்டாத தூரத்தில், எட்டாத ஆழத்தில் இருந்தால் ஆள் என்ன செய்கிறார்? கீழ் வளைவைத் தொடவே மாட்டார். பிரேக் கொம்பில் கையைக் கழி மாதிரி நீட்டி, தோளைக் காதுவரை தூக்கி, நெஞ்சைக் காற்றுக்குத் திறந்துவைத்துப் போவார். அதே ஆளுக்கு ஹேண்டிலை ஸ்பேசர் வளையம் வைத்து இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி, அதைத் தாங்கும் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் குட்டையாக்கிக் கொடுங்கள். முழங்கை தானாக மடியும், முதுகு தணியும். உயர்ந்த ஹேண்டிலில் மடங்கிய கை, தாழ்ந்த ஹேண்டிலில் விறைத்த கையைவிடக் காற்றுக்குச் சிறிய இலக்கு. மடங்கிய முழங்கை அலைச்சாலையின் அடியையும் கழுத்துக்குப் போகவிடாமல் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி தேவையில்லாத சோதனை ஒன்று உண்டு: ஓட்டிக்கொண்டே இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து விரல் கனம் மட்டும் தூக்கிப் பாருங்கள் (லாரி இல்லாத இடத்தில்). உடம்பு சட்டென்று முன்னே சரிந்தால் உங்கள் எடை தவறான இடத்தில் இருக்கிறது.

சீட்டைப் பற்றி நம்மிடம் இருக்கும் நம்பிக்கை, மெத்தென்று இருந்தால் வலிக்காது என்பது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டில் வளர்ந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? ஜெல் உறை விற்பதும் இந்த நம்பிக்கையின் மேல்தான். கடையில் உட்கார்ந்து பார்க்கும் இரண்டு நிமிடத்துக்கு அது உண்மை. இரண்டு மணி நேரம் போனால், எலும்பு இரண்டும் மெத்தையில் புதைந்து, பிதுங்கிய மெத்தை நடுவில் மேலெழும்பி, அழுத்தவே கூடாத மென்சதையை அழுத்தும். மனிதனுக்கு உட்காருவதற்கென்று இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. எடை அவற்றின் மேல் நிற்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கடினமான, சரியான அகலமுள்ள சீட் வேண்டும். அகலத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டாம். அட்டைப்பெட்டியிலிருந்து வரிவரியான அட்டை ஒரு துண்டு வெட்டி, மர ஸ்டூலில் போட்டு, மெல்லிய துணியோடு உட்கார்ந்து முழங்காலைக் கொஞ்சம் தூக்குங்கள். எழுந்து சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். குழிக்குக் குழி நடுமையத்தை அளந்து, அதோடு இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி அதிகம். ஆண்களின் அளவில் செய்த சீட்டைக் கொடுத்துவிட்டு "உனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சொல்வது அநியாயம். உயரத்துக்கு, குதிகாலை மிதியில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு தானே வரும். உயரம் கூடினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், ஆடுகிற இடம் உரசும், உரசினால் ரணம். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் இந்த உரசலுக்குத்தான் மருந்து, உள்ளாடை இல்லாமல் அணிந்தால் மட்டும். தையல் மேல் உட்காரக்கூடாது என்பதே அதன் தத்துவம். அந்தக் கணக்கில் வேட்டி கட்டிச் சைக்கிள் ஓட்டிய தாத்தாக்கள் முன்னோடிகள். வேட்டிக்குத் தையலே கிடையாதே.

இனி காற்று. மெல்லிய டயர், உச்ச அழுத்தம், உச்ச வேகம் என்பது நூறு வருடத்து நம்பிக்கை. வழவழப்பான இரும்பு உருளை மேல் டயரை ஓட்டிப் பார்த்தால் அது நிரூபணமும் ஆகும். உருளைமேல் ஓடும் டயரோடு மனித உடம்பு இல்லையே, அங்கேதான் பிசகு. அமெரிக்காவில் பைசைக்கிள் குவார்ட்டர்லி இதழை நடத்தும் யான் ஹைனே குழுவினர் ஆளை ஏற்றியே சாலையில் டயர்களைச் சோதித்தார்கள். கரடான தளத்தில் அழுத்தம் ஏற ஏற வண்டி வேகமெடுக்கவில்லை. டயர் விழுங்காத அதிர்ச்சி மேலே ஏறி, சதையிலும் குடலிலும் குலுங்கி, சூடாக வீணாகிறது. அந்தச் சக்தியும் மிதியிலிருந்து போனதுதான். உடம்பு வலி என்று உணர்வதன் ஒரு பகுதி சாலை நம்மிடமிருந்து திருடிய வேகம். பந்தயக்காரர்களும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். 23இலிருந்து 25, பிறகு 28 என்று அகன்றுகொண்டே வந்தார்கள். கருங்கல் பாவிய பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 30க்கு மேலும் போடுகிறார்கள். டயரின் விறைப்பு அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. 23க்கு 110 அடித்தால் வரும் விறைப்பு 32க்கு 80இலேயே வந்துவிடும். ஆகவே அகல டயர் வாங்கி அதிலும் 110 அடிப்பவர் காசு கொடுத்து மரச்சக்கரம் வாங்கியவர் ஆவார். 70 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70 பிஎஸ்ஐ சுற்றி ஆரம்பிக்கலாம், 32 என்றால் 60க்குக் கீழே. முன்சக்கரத்துக்கு இன்னும் ஐந்து குறைவு. நம் பக்கத்துக்கென்று ஒரு சேர்க்கை: விடிகாலையில் 70 அடித்துக் கிளம்பி, நண்பகலில் டயர் 20 டிகிரி சூடேறினால், தொடாமலே ஐந்தாறு பிஎஸ்ஐ கூடியிருக்கும். காலையில் சரியாக இருந்தது மதியம் ஏன் குத்துகிறது என்பதற்கு இதுவும் ஒரு பதில். குறைவாக அடித்தால் பஞ்சர் ஆகாதா என்றால், ஜோடி ஓட்டைக்கு வாய்ப்பு மெல்லிய டயரில் அதிகம், அகல டயரில் குறைவு. கருவேல முள்ளுக்கு எந்த அழுத்தமும் ஒன்றுதான். அது குத்தத்தான் செய்யும்.

இவ்வளவு சொன்ன பிறகு, அகல டயரும் உயர்ந்த ஹேண்டிலும்தான் தேவை என்றால் பழைய ஹெர்குலிஸே போதுமே என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி, கேட்காவிட்டால்தான் வருத்தப்பட்டிருப்பேன். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய வண்டிகள் இந்தக் கிராமங்களின் பாலையும் நெல்லையும் பிள்ளைகளையும் சுமந்தன. அவை அந்த வேலைக்கு மிகச் சரி. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியபோது, பலர் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள்; குழந்தையை உட்காரவைக்க நடுவில் பார் இருக்கிறதே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவர்களின் வசதி அங்கே இருந்தது, அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த வண்டியின் சுகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுகம். நெட்டுக்குத்தாக உட்காரும்போது எடை முழுக்கச் சீட்டுக்கு வரும், ஒவ்வொரு குழியும் தண்டுவடம் வழியாக நேராகத் தலைக்கு ஏறும். கைக்கு ஒரே பிடி, காலை முதல் மாலை வரை மாற்ற இடமில்லை. எடை சுமார் 20 கிலோ. வளைந்த ஹேண்டிலில் மேலே, கொம்பில், கீழே என்று மூன்று பிடி; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எந்த நரம்பும் தொடர்ந்து நசுங்காது. பழைய வண்டியிடமிருந்து டயரை எடுத்துக்கொள்ள வேண்டும், பந்தய வண்டியிடமிருந்து பிடியை. சீட்டை இரண்டிடமிருந்தும் வாங்காமல் அட்டையிடம் கேட்க வேண்டும்.

நெடுந்தூரம் என்றால் எத்தனை வேகம் தேவை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் பதற்றம் பாதி அடங்கிவிடும். பிரான்ஸின் ஓடாக்ஸ் க்ளப் பாரிசியன் வகுத்த விதியில் இந்தியாவிலும் நடக்கும் பிரெவே சவாரிகளில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நாலு வருடத்துக்கொருமுறை நடக்கும் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம் தருகிறார்கள். எதைப் போட்டுப் பார்த்தாலும் சராசரி மணிக்கு 15ஐத் தாண்டாது. நிற்கிற நேரமும் இதிலேயே அடக்கம், சிக்கலும் அதில்தான். இருவர் 200 கிலோமீட்டர் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 25 வேகத்தில் குனிந்து போய், 20 கிலோமீட்டருக்கொருமுறை கையை உதறவும் முதுகை நிமிர்த்தவும் பத்து நிமிடம் நிற்கிறார். ஒன்பதரை மணி நேரம் ஆகும். இன்னொருவர் உயர்ந்த ஹேண்டிலில் 22 வேகத்தில் போகிறார், மோர் குடிக்க மட்டும் இரண்டு முறை, அதே பத்துப் பத்து நிமிடம் நிற்கிறார். ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துசேர்வார். அடுத்த நாளும் சைக்கிள் எடுப்பார், அதுதான் முக்கியம். இதற்கெல்லாம் செலவாகுமே என்றால், ஸ்பேசர்கள் பெரும்பாலும் வண்டியோடு வந்தவை, அட்டைக்குக் காசில்லை, காற்றைக் குறைக்கவும் காசில்லை. டயருக்கு மட்டும் செலவு. பழைய சட்டகங்கள் பலவற்றில் 25க்கு மேல் நுழையாது. பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் சட்டகத்தின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் 32 டயர் நுழையுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள், நாளைக் காலை ஆலத்தியூர்ப் பக்கம் போவதாக இருந்தால், கிளம்புமுன் வால்வை ஒரு நொடி அமுக்கிக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள்.